கையில் தூக்குகிற சாமி

எங்கள் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது நான்தான். பதினோரு வருடமாகக் கட்டுகிறேன். தொழில் கொத்தனார் வேலை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்கும் ரூம்களுக்கு மாடி எழுப்புவது, டைல்ஸ் ஒட்டுவது, இதுதான் வருடம் முழுக்க. டிசம்பர் நடுவில் ஒரு வாரம் மட்டும் வேலை முடிந்ததும் நேராகக் கோவிலுக்குப் போய்விடுவேன். படித்தது ஐந்தாவது வரைக்கும். எழுதிப் பழக்கம் இல்லை. வாயால் சொல்ல ஆள் கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோவில் சின்னது. அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே போகிற மண் ரோட்டில் இருக்கிறது. நாற்பது குடும்பம். எங்களுக்கென்று தனியாக ஃபாதர் கிடையாது. டவுனிலிருந்து வருவார். அவர் வராத நாளில் ஜெபம் சொல்வது, கணக்குப் புத்தகம், ஞானஸ்நானப் புத்தகம் எல்லாம் உபதேசியார் பொறுப்பு. டவுனில் ஃபாதருக்கு நடுராத்திரிப் பூசை இருப்பதால் எங்களுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கே கிறிஸ்துமஸ் பூசை வைத்துவிடுவார். நம்ம ஊரில் பாலன் இயேசு குறைமாசம், ஐந்து மணி நேரம் முந்திக்கொண்டு பிறக்கிறார் என்று உபதேசியார் வருடா வருடம் சொல்வார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. குடிலில் மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாம் முன்கூட்டியே வைத்துவிடுவோம். பாலன் படுக்கிற வைக்கோல் மட்டும் காலியாக இருக்கும். பூசை தொடங்கும்போது பாலன் சொரூபத்தை வாசலிலிருந்து தூக்கி வந்து கிடத்த வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் தூக்க முடியாது. அந்த வருடம் கடைசியாக ஞானஸ்நானம் வாங்கின குழந்தையின் அப்பா அம்மாதான் தூக்க வேண்டும். அப்பா மெழுகுவர்த்தி பிடிப்பார். அம்மா பாலனைத் தூக்குவாள்.

என் வீட்டுக்காரி அடி அண்ணாமலைக்காரி. நிலம் வைத்திருக்கும் குடும்பம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிறவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கினாள். முதல் கிறிஸ்துமஸுக்குக் கோவிலுக்கு வந்தவள், ஒரு பெண் பாலனைத் தூக்கி வருவதை வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் சொன்னாள்:

"எங்க சாமிய சுத்தத்தான் முடியும் மாமா. அடியும் தெரியாது, முடியும் தெரியாது. உங்க சாமிய கையில தூக்கலாம் போலகீதே."

"ஒனக்குக் கொழந்தை பொறந்தா நீயும் தூக்கு," என்றேன்.

நான் விளையாட்டாகச் சொன்னது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருடம் ஆனது. ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருத்தி தூக்கினாள். இவள் பின்னால் நின்று பார்த்தாள்.

போன வருடம்தான் கரு தங்கியது. ஏழாம் மாதத்தில் அவளுக்கு பிரஷர் ஏறிவிட்டது. வேங்கிக்கால் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏறின மறுநாள். ஆண் குழந்தை. ஒரு கிலோ நூறு கிராம்.

கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மூக்கில் குழாய், காலில் ஊசி. யாரும் தூக்கக் கூடாது. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் என்னை மட்டும் உள்ளே விடுவார்கள். கை கழுவி, மேலே ஒரு அங்கி மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஐந்து நிமிடம். பெட்டியின் பக்கவாட்டில் கை விடுகிற மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை. நான் கை விடவில்லை. சிமெண்ட் வேலை செய்கிற கை. விரல் எல்லாம் வெடிப்பு. எவ்வளவு கழுவினாலும் வெடிப்புக்குள் இருப்பது போகாது. அந்தப் பிள்ளையின் நெற்றி என் கட்டை விரல் அகலம்தான்.

வீட்டுக்காரி கீழே பொம்பளை வார்டில். பிரஷர் இறங்கவே இல்லை. ஐந்தாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்து மேலே கொண்டுபோய்க் காட்டினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தாள். மூக்கு உன்னது மாதிரி என்றாள். அவ்வளவுதான் அவள் பார்த்தது.

ஒன்பதாம் நாள் தீபம். காலை பதினோரு மணிக்கு உள்ளே போனேன். அங்கே ஒரு நர்ஸம்மா, நாகர்கோவில் பக்கம். கழுத்தில் சின்னச் சிலுவை. என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க வேதக்காரங்கதான?"

"ஆமாங்க."

"பிள்ளைக்கு தண்ணி ஊத்தணும்னா இப்ப ஊத்திருங்க. ஒரு சொட்டு போதும்."

ஊசி மாட்டாத ஒரு சின்ன சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். சாகப் போகிற குழந்தைக்கு ஃபாதர் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சின்ன வயதிலேயே ஞாயிறு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்ல வேண்டிய வார்த்தையும் தெரியும். ஒரே வரிதான்.

நான் ஊற்றவில்லை.

ஊற்றினால் போ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. ஊற்றாமல் இருந்தால் இருப்பான் என்று தோன்றியது. நினைப்பு அவ்வளவுதான். சாயங்காலம் வந்து ஊற்றிக்கொள்கிறேன் என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரிங்கண்ணே என்றாள். சிரிஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். முடிந்துவிட்டிருந்தது.

வீட்டுக்காரியிடம் இன்று சொல்லாதீர்கள், தாங்க மாட்டாள் என்றார் டாக்டர். மாமியாரை அவளோடு விட்டுவிட்டு, உபதேசியாருக்குப் போனில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அப்போதுதான் முதல் தரம் தூக்கினேன்.

தீபத்தன்று எந்த வண்டியையும் விட மாட்டார்கள். ஆட்டோ கிடையாது. நடந்தேன். கிரிவலப் பாதைக்கு வந்தால் ஜனம். மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். நான் போக வேண்டியது மேற்கே, எங்கள் கல்லறைக்கு. அது எதிர்த் திசை. லட்சம் பேர் எனக்கு எதிரே வருகிறார்கள், நான் ஒருத்தன் அவர்களுக்கு எதிரே போகிறேன். வேறு வழி இல்லை. ஓரமாகவே ஒட்டிப் போனேன்.

ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றினார்கள். அரோகரா என்று சத்தம். எல்லோரும் அப்படியே நின்று அண்ணாந்து கை கூப்பினார்கள். கைக்குழந்தைகளைத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். நான் கீழே பார்த்துக்கொண்டு இடுக்கில் நுழைந்து போனேன். நெற்றி நிறைய விபூதி பூசின ஒரு பெரியவர் என்னைத் தடுத்தார்.

"யோவ், எதுர்ல வரக் கூடாதுய்யா. மலைய வலமா சுத்தணும். இது கூடத் தெரியாதா?"

"ஊட்டுக்குப் போறங்க."

"கையில இன்னா?"

"கொழந்தைங்க."

அவர் குரல் உடனே இறங்கிவிட்டது. "தூங்குதா?"

"ஆமாங்க."

"அப்ப ஓரமாப் போ. முழிச்சிக்கப் போவுது." திரும்பி ஜனத்தைப் பார்த்து, "தள்ளுங்கப்பா, கைக்கொழந்த வருது, வழி வுடுங்க," என்றார்.

வழி விட்டார்கள். கொஞ்ச தூரம் வரைக்கும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வழி விட்டார்கள்.

கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ரோடு அடைத்திருந்ததால் ஃபாதரால் வர முடியவில்லை. உபதேசியார் செல்போன் வெளிச்சத்தில் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். ஞானஸ்நானம் வாங்கின குழந்தைக்கு ஒரு ஜெபம், வாங்காத குழந்தைக்கு வேறு ஜெபம்.

"ஞானஸ்நானம் ஆச்சா மேஸ்திரி?"

"ஆச்சு."

"யாரு குடுத்தது?"

"நான்தான்."

நல்ல காரியம் பண்ணினே என்றார். புத்தகத்தில் எழுதப் பேரும் கேட்டுக்கொண்டார். ஒரு பக்கம் தள்ளிப் படித்தார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். வாங்கவில்லை என்று சொல்லியிருந்தாலும் அதே குழியில்தான் அடக்கம் செய்திருப்பார். ஆனால் கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஏன் சும்மா நின்றாய் என்று கேட்டிருப்பார்.

அவர் போன பிறகு சட்டைப் பையில் கை விட்டேன். சிரிஞ்ச் இருந்தது. தண்ணீரை மூடின மண் மேல் விட்டேன். அந்த ஒரு வரியையும் சொன்னேன். செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தண்ணி ஊத்தினியா மாமா?"

"ஊத்தினேன்."

தலையை ஆட்டினாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். கொடுத்தால் சாப்பிடுவாள். கேட்டால் உம் என்பாள்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். கையில் ஞானஸ்நானப் புத்தகம். இந்த வருடம் கடைசியாக எழுதியிருப்பது உங்கள் பிள்ளை பேர்தான், அதனால் நீங்கள் இரண்டு பேரும்தான் பாலனைத் தூக்க வேண்டும் என்றார். வேண்டாம், அதற்கு முன்னால் வாங்கின குழந்தை வீட்டில் சொல்லுங்கள் என்றேன்.

"அதெப்படி மேஸ்திரி? செத்துட்டா நம்ம கொழந்தை இல்லன்னு ஆயிடுமா?"

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. பல நாளுக்குப் பிறகு அவளாக வாய் திறந்தது அன்றுதான்.

"நான் தூக்கறேன்."

அன்று ராத்திரி அவளாகவே எழுந்து சோறு வடித்தாள். மறுநாள் தலைக்குக் குளித்தாள். பெட்டியிலிருந்து கல்யாண வெள்ளைப் புடவையை எடுத்துக் காயப் போட்டாள். நான் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் திரும்பவும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

குடில் கட்டினேன். சாக்கைப் பசையில் முக்கி, மூங்கில் மேல் போட்டு மலை செய்ய வேண்டும். நான் எப்படிச் செய்தாலும் அது எங்கள் அண்ணாமலை மாதிரியேதான் வரும். பெத்லகேமில் இப்படி மலை கிடையாது மேஸ்திரி, உச்சியைக் கொஞ்சம் வெட்டு என்று உபதேசியார் கிண்டல் செய்தார். வெட்டினேன். பிறகும் அப்படித்தான் இருந்தது. பாலன் சொரூபத்தைப் பஞ்சிலிருந்து எடுத்துத் துடைத்தேன். பாரிஸ் சாந்து பொம்மை. ஒன்றரை அடி. அதற்கு முந்தின வருடம் விரல் ஒன்று உடைந்தபோது வெள்ளை சிமெண்ட் வைத்து நான்தான் ஒட்டினேன். நாலு கிலோ இருக்கும். என் பிள்ளையை விட மூன்று மடங்குக்கு மேல்.

பாவசங்கீர்த்தனம் கேட்க ஃபாதர் வந்தபோது முழங்காலிட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன். சின்ன வயசு ஃபாதர். பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் இல்லாவிட்டாலும் கடவுள் குழந்தையைக் கைவிட மாட்டார், பயப்படாதீர்கள் என்றார். பிறகு சொன்னார்:

"கிறிஸ்துமஸ்னா அதுதாங்க அர்த்தம். கடவுள் மேலேருந்து பாத்துக்கிட்டு இருக்கல. நம்மள மாதிரி ஒடம்பு எடுத்தாரு. குளிருல கெடந்தாரு. உங்க பிள்ளை கெடந்த எடத்துல அவரும் கெடந்திருக்காரு."

"அவர அவங்கம்மா தூக்கினாங்க ஃபாதர்," என்றேன்.

பூசைக்கு முன்னால் உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள் என்றார். சரி என்றேன். சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கோவில் நிறைய ஜனம். வாசலில் உபதேசியார் பாலனை அவள் கையில் கொடுத்தார். எல்லாப் பெண்களும் அதை நெஞ்சுக்கு முன்னால் நேராகப் பிடித்துத் தூக்கி வருவார்கள், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. இவள் முந்தானையை மேலே போர்த்தினாள். ஒரு கையைக் கழுத்துக்குக் கீழே கொடுத்தாள். பச்சைக் குழந்தையின் தலை நிற்காது, அதனால் கழுத்துக்கு அணை கொடுப்பார்கள். அந்த மாதிரி. பொம்மைக் கழுத்து அது. எங்கும் சாயாது.

நான் மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நடந்தேன். பாட்டுப் பாடினார்கள். குடிலுக்கு முன்னால் இரண்டு பேரும் முழங்காலிட்டோம். அவள் கிடத்தவில்லை. பாட்டு முடிந்தது. உபதேசியார் கையைக் காட்டினார், மறுபடியும் முதலிலிருந்து பாடினார்கள். அவள் என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"இது ஏன் இவ்ளோ ஜில்லுனு கீது?"

"சாந்து பொம்மைல்ல. அப்படித்தான் இருக்கும்."

"நம்ம கொழந்தை சூடா இருந்துச்சா?"

மெழுகுவர்த்தியைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"தண்ணி ஊத்தறப்ப நெத்தியத் தொட்டிருப்பியே மாமா. சூடா இருந்துச்சான்னு கேக்கறேன். நான்தான் தொடல. நீயாவது சொல்லு."

சூடாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பொய் சொன்னவன் இதையும் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. எனக்குத் தெரியாததை அவள் கேட்டாள்.

"நான் ஊத்தல," என்றேன்.

அவள் அசையவில்லை.

"உசுரோட இருக்கறப்ப நான் தொடவே இல்ல. செத்தப்புறம்தான் தூக்கினேன்."

"அப்ப நம்ம யாருமே தொடலியா?"

"இல்ல."

"யாருமே."

பின்னால் பாட்டு இரண்டாம் தரமும் முடிந்துவிட்டது. ஒரு குழந்தை அழுதது, அதன் அம்மா அதட்டினாள். என் வீட்டுக்காரி முந்தானையை எடுத்துவிட்டு, கழுத்துக்குக் கீழிருந்து கையை மெதுவாக உருவி, பொம்மையை வைக்கோலில் வைத்தாள். சரியாகத்தான் வைத்தாள். எழுந்து போய்ப் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, கடவுள் மனிதர் ஆனார் என்கிற இடம் வந்ததும், கிறிஸ்துமஸ் அன்று மட்டும் எல்லோரும் முழங்காலிடுவோம். கோவில் முழுக்க இறங்கியது. நானும் இறங்கினேன். திரும்பிப் பார்த்தேன். அவள் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். தையல் வலிக்கிறது போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பூசை முடிந்து எல்லோரும் வரிசையில் வந்து பாலன் காலைத் தொட்டு முத்தம் கொடுத்தார்கள். அவள் வெளியே செருப்புப் போடுகிற இடத்தில் நின்றாள். வீட்டுக்கு நடந்தோம். அவள் நாலடி முன்னால் போனாள். மண் ரோடு முடிகிற இடத்தில் நின்றாள். எதிரே மலை இருட்டாக இருந்தது. தீபம் அணைந்து பல நாள் ஆகிவிட்டது.

"ஆஸ்பத்திரிலருந்து நடந்தா வந்த?"

"நடந்துதான்."

"வெயிட்டா இருந்துச்சா?"

"இல்ல."

மறுநாள் காலை அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்து ஊர்தான். சைக்கிளில் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். டீ கொடுக்கிறாள். பௌர்ணமிக்கு அம்மாவோடு மலை சுற்றப் போகிறாளாம், மாமியார் சொன்னார். போகட்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

உபதேசியாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் புத்தகத்தில் எழுதினதை அடிக்கக் கூடாது மேஸ்திரி, ஃபாதரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இதுவரை சொல்லவில்லை. பிள்ளை பேர் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே புதுசாக இரண்டு பேர் எழுதியாகிவிட்டது.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்தேன். சாக்கை உருவினேன், மூங்கிலைக் கட்டினேன், வைக்கோலை மாட்டுக்குக் கொடுத்தேன். கடைசியாகப் பாலனைப் பஞ்சில் வைக்க எடுத்தேன். கோவிலில் யாரும் இல்லை. அதன் நெற்றியில் கட்டை விரலை வைத்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் விரல் பட்ட இடம் சூடானது. என் சூடு அது. விரலை எடுத்தேன், போய்விட்டது.

பஞ்சில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.